சர்க்கரை இல்லாதவருக்கு ஏன் சர்க்கரை மாத்திரை?

மாதவிலக்கு இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறைதான் வருகிறது. தாடையில் முடி அரும்புகிறது. சாப்பாடு கூடாமலேயே எடை கூடுகிறது. ஸ்கேன் பார்த்த மருத்துவர் ‘பிசிஓஎஸ்’ (பாலிசிஸ்டிக் ஓவரி சிண்ட்ரோம்) என்று சொல்லிச் சீட்டு எழுதித் தருகிறார். மாத்திரை அட்டையைப் பார்த்ததும் வீட்டில் கேள்வி எழும்: “இது தாத்தா சாப்பிடுற சுகர் மாத்திரையாச்சே, இவளுக்கு எதுக்கு?” ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சீட்டில் இருப்பது மெட்ஃபார்மின். பயந்துபோய் அட்டையைத் தொடாமல் வைத்துவிடும் பெண்கள் உண்டு. எதற்கென்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் விழுங்குகிறவர்களும் உண்டு.

வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. பிசிஓஎஸ் உள்ள பெண்ணுக்கு இந்த மாத்திரை சர்க்கரையைக் குறைப்பதற்காக மட்டும் தரப்படுவதில்லை. ரத்தத்தில் மிகுந்து கிடக்கும் இன்சுலினைக் குறைப்பதற்காகத் தரப்படுகிறது. இவ்வளவு எளிய பதிலுக்கு வந்து சேர மருத்துவத்துக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. வந்து சேர்ந்த பிறகு, அந்த மாத்திரையால் எது முடியும், எது முடியாது என்று பிரித்தறிய இன்னும் கால் நூற்றாண்டு தேவைப்பட்டது.

சினைப்பையில் தேடிய நோய்

1921-இல் பாரிஸ் மருத்துவர்களான ஷார்ல் அஷார், ஜோசப் தியர் இருவரும் தாடி வளர்ந்திருந்த, நீரிழிவும் இருந்த ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். முகத்து முடிக்கும் சர்க்கரைக்கும் ஏதோ உறவு இருக்க வேண்டும் என்ற ஐயம் அன்றே எழுந்துவிட்டது. ஆனால் அதைத் தொடர்ந்து போக ஆளில்லை.

1935-இல் சிகாகோவைச் சேர்ந்த இர்விங் ஸ்டைன், மைக்கேல் லெவந்தால் ஆகியோர் ஏழு பெண்களின் கதையை வெளியிட்டார்கள். ஏழு பேருக்கும் மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. சினைப்பைகள் இரண்டும் பருத்து, சிறுசிறு நீர்ப்பைகள் நிறைந்திருந்தன. இரு பக்கமும் ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி எடுத்ததும் ஏழு பேருக்கும் மாதவிலக்கு திரும்பியது, இருவர் கருவுற்றனர்.

இந்த வெற்றியே ஒரு திரையாகவும் ஆயிற்று. சினைப்பையை வெட்டினால் குணம் தெரிகிறது என்றால் நோய் சினைப்பையில்தானே இருக்க வேண்டும்? அடுத்த நாற்பது ஐம்பது ஆண்டுகள் இது பெண்நோய் மருத்துவரின் நோயாகவே இருந்தது. இன்சுலின் சுரக்கும் கணையத்தைப் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஸ்கேன் திரையில் தெரியும் கரும்புள்ளிகளைப் பார்த்து “நீர்க்கட்டி” என்று இன்றும் அஞ்சுகிறோம். உண்மையில் அவை கட்டிகளே அல்ல. மாதம் ஒன்று முதிர்ந்து கருமுட்டையை வெளியே விட வேண்டிய நுண்பைகள், பாதி வளர்ச்சியில் நின்றுபோய் வரிசை கட்டியிருக்கின்றன. கரைக்க வேண்டியதோ அகற்ற வேண்டியதோ அங்கே ஒன்றும் இல்லை. ஏன் நின்றன என்பதுதான் கேள்வி.

இன்சுலின் உள்ளே வருகிறது

1980-இல் அமெரிக்காவின் டென்னஸி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பர்கன், கிவன்ஸ், கிடாப்ச்சி மூவரும் ஒரு சிறிய ஆய்வை வெளியிட்டனர். பிசிஓஎஸ் உள்ள பெண்களின் ரத்தத்தில் இன்சுலின் எவ்வளவு ஏறியிருந்ததோ, அதற்கேற்ப ஆண்ட்ரோஜன் எனும் ஆண்தன்மை ஹார்மோன்களும் ஏறியிருந்தன. 1989-இல் நியூயார்க்கின் ஆண்ட்ரியா டுனைஃப் குழு இன்னொரு படி போனது: இந்தப் பெண்களிடம் உள்ள இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத நிலை, உடற்பருமனால் மட்டும் வருவதில்லை. ஒரே எடையுள்ள இரு பெண்களை ஒப்பிட்டாலும் பிசிஓஎஸ் உள்ளவரிடம் அது கூடுதலாக இருக்கிறது.

இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் சேர்ந்தே ஏறுகின்றன என்றால் எது எதை ஏற்றுகிறது? மருந்து கொடுத்துச் சினைப்பையின் ஹார்மோன் உற்பத்தியை அடக்கிப் பார்த்தார்கள். ஆண்ட்ரோஜன் இறங்கியது, இன்சுலின் எதிர்ப்பு அசையவில்லை. பிறகு தலைகீழாகச் செய்தார்கள். கணையம் இன்சுலின் சுரப்பதைத் தடுக்கும் டயாசாக்சைடு என்ற மருந்தை ஜான் நெஸ்லர் குழு 1989-இல் கொடுத்துப் பார்த்தது. இன்சுலின் இறங்கியது; கூடவே டெஸ்டோஸ்டிரோனும் இறங்கியது. இயக்கும் கை எதுவென்று தெரிந்துவிட்டது.

அது நடக்கும் விதம் இதுதான். தசையும் கொழுப்புத் திசுவும் இன்சுலினின் சொல்லுக்குச் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. அதனால் கணையம் கூடுதலாகச் சுரக்கிறது. வீட்டில் காது மந்தமான பெரியவரிடம் பேச நாம் குரலை உயர்த்துகிறோம். அவருக்குக் கேட்டுவிடுகிறது, ஆனால் பக்கத்தில் நல்ல காதோடு உட்கார்ந்திருப்பவருக்குத் தலை வலிக்கிறது. சினைப்பை அந்த நல்ல காதுக்காரர். தசை மந்தமாக இருக்கும்போதும் சினைப்பையின் தீக்கா செல்கள் இன்சுலினுக்கு முழுமையாகவே பதில் தருகின்றன. மூளையின் அடியிலிருந்து வரும் எல்ஹெச் ஹார்மோனோடு இன்சுலினும் சேர்ந்து அவற்றை முடுக்க, ஆண்ட்ரோஜன் அளவுக்கு மீறி உற்பத்தியாகிறது.

கல்லீரலிலும் ஒரு மாற்றம் நிகழ்கிறது. ரத்தத்தில் சுற்றும் டெஸ்டோஸ்டிரோனின் பெரும்பகுதியைப் பிடித்து வைத்திருப்பது எஸ்ஹெச்பிஜி என்ற புரதம். மிகுந்த இன்சுலின் இந்தப் புரதத்தின் உற்பத்தியைக் குறைக்கிறது. ஆக, உற்பத்தியும் அதிகம், பிடித்து வைப்பதும் குறைவு. கட்டற்றுத் திரியும் டெஸ்டோஸ்டிரோன் தாடையில் முடியாகவும் முகத்தில் பருவாகவும் வெளிப்படுகிறது. சினைப்பைக்குள்ளோ நுண்பைகள் முதிராமல் நின்றுவிடுகின்றன. கருமுட்டை வெளிவராத மாதத்தில் மாதவிலக்கும் ஒழுங்காக வராது.

ரத்தச் சர்க்கரை சரியாக இருப்பதன் காரணமும் இதில் அடங்கியிருக்கிறது. கணையம் கூடுதலாக உழைத்துச் சமாளிக்கிறது. அந்தக் கூடுதல் உழைப்பு சர்க்கரைப் பரிசோதனையில் தெரிவதில்லை. சிலருக்குத் தோலில் தெரியும். பிடரியிலும் அக்குளிலும் படரும் வெல்வெட் போன்ற கருமை பெரும்பாலும் மிகை இன்சுலின் தோல் செல்களைத் தூண்டுவதால் வருவது. “கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்கிறதே இல்ல” என்று திட்டு வாங்கும் பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! தேய்த்தால் போகிற அழுக்கு அல்ல அது.

ஒரு பூச்செடியின் வழித்தோன்றல்

கோளாறின் வேர் இன்சுலின் என்றால், உடலை இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கும் மருந்து இங்கும் பயன்பட வேண்டும். அப்படி ஒரு மருந்து ஏற்கெனவே கையில் இருந்தது.

ஐரோப்பிய நாட்டு மருத்துவத்தில் வழங்கிவந்த கலேகா அஃபிசினாலிஸ் என்ற பூச்செடியில் குவானிடின் வகைச் சேர்மங்கள் இருக்கின்றன. அவை சர்க்கரையைக் குறைத்தன, நஞ்சாகவும் இருந்தன. அந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் வெர்னரும் பெல்லும் செயற்கையாகத் தயாரித்தார்கள். இன்சுலின் ஊசி உலகுக்கு வந்த அதே காலம். மாத்திரையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிற்பாடு பிலிப்பைன்ஸில் இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்குக் கொடுத்தபோது சர்க்கரை குறைவது கண்ணில் பட்டது. 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நீரிழிவுக்கு இதை அறிமுகப்படுத்தினார். உறவுக்கார மருந்தான ஃபென்ஃபார்மின் ரத்தத்தில் லாக்டிக் அமிலத்தைத் தேக்கி உயிரிழப்புகளுக்குக் காரணமாகி 1970-களின் இறுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயர் மெட்ஃபார்மினையும் துரத்தியதால் அமெரிக்கா அதற்கு அனுமதி தர 1994 ஆயிற்று.

மெட்ஃபார்மின் முதன்மையாகக் கல்லீரலில் வேலை செய்கிறது. புதிதாகச் சர்க்கரை தயாரித்து ரத்தத்தில் கொட்டுவதைத் தடுக்கிறது. சர்க்கரை வரத்து குறைந்தால் கணையத்தின் சுமை குறைகிறது, இன்சுலின் அளவும் இறங்குகிறது. கணையத்தை அது முடுக்குவதில்லை என்பதால், தனியாகச் சாப்பிடும்போது சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்வது மிக அரிது. ‘சர்க்கரை இல்லாதவர் சாப்பிட்டால் மயக்கம் போட்டு விழுந்துவிடுவார்’ என்ற பயத்துக்கு விடை இதுவே.

நம்பிக்கையும் கணக்குத் தீர்ப்பும்

அமெரிக்கா அனுமதி தந்த அதே 1994-இல், வெனிசுவேலாவின் மெரிடா நகரிலிருந்து வெலாஸ்கெஸ் குழுவின் அறிக்கை வந்தது. பிசிஓஎஸ் உள்ள 26 பெண்களுக்கு எட்டு வாரம் மெட்ஃபார்மின் கொடுத்ததில் இன்சுலினும் ஆண்ட்ரோஜனும் இறங்கின. சிலருக்கு மாதவிலக்கு சீரானது. எதிர்பாராமல் கருவுற்றவர்களும் இருந்தனர். 1998-இல் நெஸ்லர் குழு உடற்பருமனுள்ள 61 பெண்களிடம் சோதித்தது. மெட்ஃபார்மின் எடுத்தவர்களில் 34 சதவீதம் பேருக்குத் தானாகவே கருமுட்டை வெளிவந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 4 சதவீதம் பேருக்குத்தான். மீதிப் பேருக்குக் கருமுட்டையைத் தூண்டும் குளோமிஃபீனைச் சேர்த்துக் கொடுத்தபோது வித்தியாசம் 90-க்கு 8 என்று விரிந்தது.

எண்களைப் பார்த்து உலகமே சொக்கிப்போனது. சினைப்பையைத் தொடாமல், வேரைச் சரிசெய்து குழந்தை வரம் தரும் மலிவான மாத்திரை! பிசிஓஎஸ் என்றாலே மெட்ஃபார்மின் என்ற எழுதாச் சட்டம் அப்போது பிறந்தது.

2007-இல் பெரிய கணக்கு வந்தது. ரிச்சர்ட் லெக்ரோ தலைமையிலான அமெரிக்க ஆய்வில் குழந்தைக்காகக் காத்திருந்த 626 பெண்கள் மூன்று பிரிவாகப் பிரிக்கப்பட்டார்கள். ஆறு மாதம் வரை சிகிச்சை. இந்த முறை கருமுட்டை வெளிவந்ததா என்பதோடு நிற்காமல், உயிருள்ள குழந்தை பிறந்ததா என்பதையே முதன்மை அளவாக வைத்தார்கள். குளோமிஃபீன் பிரிவில் 22.5 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. மெட்ஃபார்மின் பிரிவில் 7.2 சதவீதம்தான். இரண்டும் சேர்த்த பிரிவில் 26.8 சதவீதம், குளோமிஃபீனைவிடச் சற்றே கூடுதல், ஆனால் தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை.

இங்கே கற்க வேண்டிய பாடம் ஒரு மருந்தைத் தாண்டியது. ஹார்மோன் அளவு இறங்குவது ஒன்று, கருமுட்டை வெளிவருவது ஒன்று, குழந்தை பிறப்பது வேறொன்று. முதல் இரண்டும் நடந்தால் மூன்றாவது தானாக வரும் என்று நாமே எண்ணிக்கொண்டோம். அறுபது பேரிடம் தோன்றிய பிரமாதமான வித்தியாசம் அறுநூறு பேரிடம் தேய்ந்துபோவதும் அறிவியலில் அன்றாடம்.

2014-இல் அதே லெக்ரோ குழு 750 பெண்களிடம் லெட்ரோசோல் என்ற மருந்தைக் குளோமிஃபீனோடு ஒப்பிட்டுச் சோதித்தது. குழந்தை பிறந்த விகிதம் லெட்ரோசோலுக்கு 27.5, குளோமிஃபீனுக்கு 19.1. இன்று கருமுட்டையைத் தூண்ட முதலில் எடுக்கும் மருந்து லெட்ரோசோல்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த முடிவு வெளிவந்தபோது இந்தியாவில் குழந்தையின்மைக்கு லெட்ரோசோலைப் பயன்படுத்தத் தடை இருந்தது. 2011-இல் போட்ட தடை 2017-இல்தான் நீங்கியது.

உடன்பிறப்புகள்

இன்சுலினுக்கு உடலை இணங்க வைக்கும் மருந்து மெட்ஃபார்மின் ஒன்றுதானா? கிளிட்டசோன் என்று முடியும் பெயர்களைக் கொண்ட ஒரு குடும்பம் இருக்கிறது. தசையையும் கொழுப்புத் திசுவையும் நேரடியாக இணங்க வைப்பதில் அவை மெட்ஃபார்மினைவிடக் கெட்டி. 410 பெண்களிடம் சோதிக்கப்பட்ட டிராக்ளிட்டசோன் நல்ல பலன் தந்தது. ஆனால் அந்த ஆய்வு 2001-இல் அச்சேறும் முன்பே, கல்லீரலைக் கெடுத்ததால் மருந்து சந்தையிலிருந்து போய்விட்டது. இதயத்துக்கு ஆபத்து என்ற கவலையால் ரோசிக்ளிட்டசோனை இந்தியா 2010-இல் தடை செய்தது. பயோகிளிட்டசோன் 2013-இல் சில வாரங்கள் நிறுத்தப்பட்டு, சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையோடு திரும்பி வந்தது. எடை கூட்டுவது, உடலில் நீர் தேக்குவது, எலும்பைப் பலவீனப்படுத்துவது என்று பிற குறைகளும் உண்டு. கருவுறக்கூடிய இளம்பெண்ணுக்கு இவை முதல் தெரிவு அல்ல.

மருந்துக்கடைகளில் பொடியாகவும் மாத்திரையாகவும் கிடைக்கும் இனோசிட்டாலும் இதே வழியில் வந்ததுதான். 1999-இல் 44 பெண்களிடம் நடந்த சிறிய ஆய்வில் அதன் ஒரு வடிவம் அசத்தியது. பிற்பாடு வந்த சான்றுகள் அந்த அளவுக்கு இல்லை. பெரிய தீங்கு செய்யாது. ஆனால் விலைக்கேற்ற பலன் உண்டா என்பது உறுதியாகவில்லை.

இன்று அதன் வேலை என்ன?

2023-இல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதல் பல நாட்டு வல்லுநர்களும் நோயாளிகளின் பிரதிநிதிகளும் சேர்ந்து உருவாக்கியது. அதன்படி மெட்ஃபார்மினின் முதன்மை வேலை வளர்சிதை மாற்றத்தைக் காப்பது: இன்சுலின் எதிர்ப்பு, சர்க்கரை, கொழுப்பு, ஓரளவு எடை. உடல் நிறை எண் 25-ம் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இதற்கான சான்று கூடுதல். ஒல்லியானவர்களுக்கும் கொடுத்துப் பார்க்கலாம் என்றாலும் சான்று குறைவு. ஆசிய உடல்வாகுக்கு இந்த எல்லைகளைத் தாழ்த்தியே பார்க்க வேண்டும். நமக்கு 23-ஐத் தாண்டினாலே கவனம் தேவை.

மாதவிலக்கை ஒழுங்குபடுத்தவும் முகத்து முடியைக் குறைக்கவும் கூட்டுக் கருத்தடை மாத்திரைகளே முதல் மருந்து. முடி விஷயத்தில் மெட்ஃபார்மினின் பலன் சொற்பம். கருத்தடை மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மாதவிலக்கைச் சீராக்க மெட்ஃபார்மின் ஓரளவு உதவும். குழந்தைக்காக முயல்பவர்களுக்கு லெட்ரோசோல் முதலில், மெட்ஃபார்மின் துணை. கர்ப்பகாலச் சர்க்கரையைத் தடுக்கும் என்று நம்பிக் கர்ப்பம் முழுவதும் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வுகளில் அது தடுக்கவில்லை. வளரிளம் பெண்களுக்கு ஸ்கேனை வைத்துப் பிசிஓஎஸ் என்று முடிவுகட்டக் கூடாது என்றும் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வயதில் நிறைய நுண்பைகள் தெரிவது இயல்பே.

சென்னையில் நடந்த ஓர் ஆய்வும் இங்கே நினைவுகூரத் தக்கது. அ. ராமச்சந்திரன் குழு 2006-இல் வெளியிட்ட இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் பங்கேற்றனர். சும்மா விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 சதவீதம் பேர் நோய்க்குள் போனார்கள். உணவும் நடையும் மாறியவர்களிடம் அது சுமார் 39 சதவீதம். நாளொன்றுக்கு வெறும் 500 மில்லிகிராம் மெட்ஃபார்மின் எடுத்தவர்களிடம் சுமார் 40. இரண்டையும் சேர்த்ததால் கூடுதல் லாபம் இல்லை. இது பிசிஓஎஸ் ஆய்வு அல்ல. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். ஆனால் நம் உடல்களில் சிறிய அளவு மாத்திரையும் வேலை செய்கிறது, நடைப்பயிற்சி அதற்குச் சற்றும் சளைத்ததல்ல என்று அது காட்டியது.

விழுங்குமுன்

குமட்டல், வயிற்றுப்போக்கு, வாயில் உலோகச் சுவை: தொடக்க வாரங்களில் இவை சகஜம். 500 மில்லிகிராமில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல ஏற்றி, சாப்பாட்டோடு எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மெதுவாகக் கரையும் வகை மாத்திரை இன்னும் சாதுவானது. நீண்டகாலம் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். சைவ உணவுக்காரர்கள் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது. சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்கு இந்த மருந்து ஆகாது.

சொல்லாமல் விடப்படும் செய்தி ஒன்று உண்டு. மாதக்கணக்கில் மாதவிலக்கு வராத பெண் ‘எனக்கு எங்கே கரு தங்கப் போகிறது’ என்று இருப்பார். மெட்ஃபார்மின் கருமுட்டையை மீண்டும் வெளிவரச் செய்யலாம். மாதவிலக்கு வருமுன்பே கரு தரித்துவிடலாம். அது கருத்தடை மாத்திரை அல்ல. இப்போது குழந்தை வேண்டாம் என்றால் தனியாக ஏற்பாடு தேவை.

ஆகவே சீட்டு கைக்கு வந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டியது மூன்று: எனக்கு இது எந்தக் குறிக்காக? பலன் தெரிய எவ்வளவு காலம்? எதை அளந்து தெரிந்துகொள்வோம்? மாதவிலக்குக்கு என்றால் சில மாதங்களில் நாட்காட்டியே சொல்லிவிடும். சர்க்கரையைத் தள்ளிப்போட என்றால் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை சொல்லும். பிசிஓஎஸ் தெரிந்தவுடன் ஒருமுறையும், பிறகு ஒன்று முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் சர்க்கரை பார்க்கப்பட வேண்டும் என்பது வழிகாட்டுதல்.

“கல்யாணம் ஆனா சரியாயிடும்”, “ஒரு பிள்ளை பிறந்தா சரியாயிடும்” என்று சொல்வது நம் வீடுகளின் பழக்கம். பிள்ளை பிறந்ததும் மாத்திரையும் போகும், பரிசோதனையும் போகும், நோயே போய்விட்டதாகக் கணக்கு எழுதப்படும். ஆனால் ஆய்வுகள் முப்பது ஆண்டுகளில் காட்டியது இதற்கு நேர்மாறு: பிள்ளைப் பேற்றில்தான் இந்த மருந்தின் பங்கு சிறியது, நாற்பதிலும் ஐம்பதிலும் காத்திருக்கும் நீரிழிவைத் தள்ளிப்போடுவதில்தான் பெரியது. பிசிஓஎஸ் உள்ள தாய், பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் ஆண்டுகளில் தன் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ள வேண்டியவர்.